பிரசங்க மேடைக்குக் கீழே

திருச்சபை வாழ்க்கையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் எழுத்துக்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு உண்டு. அதில் தேறிய படைப்புகள் கடவுளைக் கேலி செய்வதில்லை. கமிட்டியைத்தான் கேலி செய்கின்றன.

இந்த வழிக்கு ராஜபாட்டை போட்டவர் ஆந்தனி டிராலப். பிரிட்டிஷ் தபால் துறை அதிகாரி. 1855இல் ‘தி வார்டன்’, 1857இல் ‘பார்செஸ்டர் டவர்ஸ்’. பார்செஸ்டர் கற்பனை ஊர். அங்கே பிஷப் ப்ரௌடி பெயருக்கு ஆள்கிறார், ஆட்சி அவர் மனைவி கையில். யாருக்கு எந்தப் பதவி என்பதே பெரிய யுத்தம். ஆனால் குரலை உயர்த்தக் கூடாது, நாற்காலியைத் தூக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எதிராளியோடு ஒரே ஆராதனையில் மண்டியிட்டாக வேண்டும். சிரிப்பு பிறப்பது இந்த நெருக்கடியில்தான். இத்தனைக்கும் அப்போது குருமார் யாரோடும் தமக்கு நெருங்கிய பழக்கமில்லை என்று டிராலப்பே சுயசரிதையில் சொல்கிறார். அதே நூலில் இன்னொரு சம்பவம்: திருமதி ப்ரௌடி திரும்பத் திரும்ப வருகிறாளே என்று கிளப்பில் இரண்டு குருமார் அலுத்துக்கொள்வதைக் கேட்டவர், நேரே போய், வீட்டுக்குப் போனதும் அவள் கதையை முடித்துவிடுகிறேன் என்றாராம். 1867இல் வந்த கடைசி பார்செஸ்டர் நாவலில் சொன்னபடியே முடித்தும்விட்டார்.

1895இல் ‘பஞ்ச்’ இதழில் ஜார்ஜ் டு மோரியே வரைந்த கேலிச்சித்திரம் இதே சங்கதியை ஒரு முட்டைக்குள் அடக்கியது. பிஷப் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இளம் உதவிகுருவுக்குக் கெட்ட முட்டை வந்துவிடுகிறது. பிஷப்பே அதைச் சொல்ல, இல்லை ஐயா, சில பகுதிகள் அருமையாக இருக்கின்றன என்று பதறுகிறார் உதவிகுரு. மேலதிகாரி வீட்டில் சாப்பிட்ட எவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

இத்தாலியின் ஜொவான்னினோ குவாரெஸ்கி ‘கான்டிடோ’ என்ற வார இதழில் 1946இல் தொன் கமில்லோ கதைகளைத் தொடங்கினார். போ ஆற்றங்கரை கிராமம். முஷ்டியை நம்பும் பாதிரியார். எதிரே கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனே. சிலுவையிலிருக்கும் இயேசு பாதிரியாரோடு பேசுவார், பெரும்பாலும் கண்டிப்பார். அந்தக் குரல் தன் மனசாட்சியின் குரல் என்றார் குவாரெஸ்கி. என் கணக்கில் இந்த வகையின் உச்சம் இதுதான். அரசியல் பகை உச்சத்திலிருந்த காலத்தில் எதிரியையும் பிரியத்துக்குரியவனாக எழுத அவரால் முடிந்தது. 1952இல் பெர்னாந்தெல் நடித்துப் படமாகவும் வந்தது. அது எடுக்கப்பட்ட பிரெஷெல்லோ ஊர் இன்றும் தொன் கமில்லோ பெயரைச் சொல்லிப் பயணிகளை அழைக்கிறது.

இங்கிலாந்துத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கிய 1994லேயே, பெண் குருவை நாயகியாக்கி பிபிசியில் ‘தி விகார் ஆஃப் டிப்ளி’ வந்தது. கிறிஸ்துமஸ் அன்று எந்த வீட்டுக்கும் மறுப்புச் சொல்ல முடியாமல் விருந்து மேல் விருந்தாக அவர் சாப்பிட்டுத் திணறுவதை நெல்லைச் சீமையின் எந்தக் குருவானவரும் அனுதாபத்தோடு பார்ப்பார்.

தமிழிலோ, பாதிரியார் ஒருவர் எழுதிய நகைச்சுவை முன்பே இருக்கிறது: வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’, 1822இல் லண்டனில் அச்சானது. ஆனால் அது மடத்துக் குருவையும் சீடர்களையும் பற்றியது. கோயில் பெஞ்சு அதில் இல்லை. நம் சபைகளில் சுற்றும் சிரிப்புகளில் பாதி இரவல். பாதிரியாரை முந்திக்கொண்டு பஸ் டிரைவர் மோட்சம் போன கதை எந்த ஊருக்கும் பொருந்தும். பொருந்துவதாலேயே எந்த ஊரிலும் ஒட்டாது.

சொந்தச் சரக்குக்குப் பஞ்சமா? அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பாருங்கள். ஒரு முட்டை கோழி விலைக்குப் போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம். பக்தி பாதி, எதிர்வீட்டுக்காரர் கேட்டுவிடக் கூடாதே என்ற வைராக்கியம் பாதி. “கடைசியாக ஒன்று” என்று சொல்லிவிட்டு இன்னும் அரை மணி பேசும் கன்வென்ஷன் பிரசங்கியார், பிரசங்கத்தைவிட நீளும் அறிவிப்புகள், அசனத்தில் பந்திக்குப் பந்தி தண்ணீராகும் குழம்பு என எல்லாம் வாய்மொழியாகவே கரைந்துகொண்டிருக்கின்றன.

சேகரத்துப் பத்திரிகை நடத்துகிறவர்கள் உங்கள் ஊர்க் கோயில்பிள்ளையையும் பழைய கமிட்டி உறுப்பினர்களையும் பேசவைத்து எழுதுங்கள். ஆட்களின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். ஏலத்தொகையை மட்டும் குறைத்துவிடாதீர்கள்.