ஹூலாவும் காமிராவின் கண்ணும்

ஹொனலூலுவிலுள்ள ஹவாயி தியேட்டரில் நடந்த பாலினேசிய நடன நிகழ்ச்சி ஒன்றின் ஒளிப்பதிவை இரண்டு தடவை பார்த்தேன். வங்கிக் குமாஸ்தாவின் விடுப்புப் பயணச் சலுகை பசிபிக் சமுத்திரம்வரை நீளாது. ஆகவே இங்கே நான் சொல்வது காமிரா பார்க்கவிட்டதைப் பற்றி. அது பார்க்க விடாததைப் பற்றியும்.

‘பாலினேசியா’ என்பது 1756இல் ஷார்ல் த ப்ரோஸ் என்ற பிரெஞ்சுக்காரர் கிரேக்க வேர்களைக் கொண்டு பண்ணிய சொல். பல தீவுகள் என்று அர்த்தம். நிகழ்ச்சியும் அந்தச் சொல்லைப் போலத்தான் ஹவாயி, டஹிட்டி, ஸமோவா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருந்தது. ஸமோவாவின் தீக்கத்தி ஆட்டத்துக்குப் பலத்த கைதட்டல். புராதனம் என்று நினைத்துத் தட்டியிருப்பார்கள். கத்தியில் தீ ஏறியது 1946இல், ஸான் பிரான்ஸிஸ்கோவில், ஃப்ரெடி லெடுலி என்ற ஸமோவாக் கலைஞரின் கையால். அதை விட்டுவிடலாம். என் அக்கறை ஹூலாவில்.

அரங்கம் 1922இல் திறக்கப்பட்டது. ஊமைப்படங்களுக்கும் வாட்வில் கேளிக்கைகளுக்கும் கட்டியது. மேடை வளைவின் மேலே நாடகக் கலையை மகிமைப்படுத்தும் லயனெல் வால்டனின் சுவரோவியம். 1984இல் மூடிக் கிடந்து, புதுப்பிக்கப்பட்டு 1996இல் மறுபடி திறந்தது. கட்டடத்துக்கு ஒரு வருஷம் இருக்கிறது. அந்த வருஷத்துக்கு அதைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். ஹூலாவை எந்த வருஷத்துக்குத் திருப்புவது? கிறிஸ்தவத்தைத் தழுவிய ராணி காஅஹுமானு 1830இல் அதைப் பொது இடத்தில் ஆடக்கூடாதென்று தடுத்தாள். 1883இல் மன்னன் கலாகௌவா தன் முடிசூட்டு விழாவில் பகிரங்கமாக ஆடவைத்தான். பாட்டுகளின் பட்டியலை அச்சிட்டதற்கே ஆபாச வழக்கு வந்தது. 1893இல் அரசே கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலம்தான் பாடமொழி என்று சட்டம். ஹவாயி மொழி அரசமைப்பில் இடம் பிடித்தது 1978இல். இத்தனை துல்லியமாக மீட்டிருக்கிறார்களே அந்த 1922, அது பள்ளிக்கூடத்தில் ஹவாயி மொழி பாடமொழியாக இல்லாத காலம்.

இது ஏன் முக்கியமென்றால், ஹூலாவில் சொல்தான் முதல். பாட்டு இல்லாமல் ஹூலா இல்லை. கால்களும் இடுப்பும் தாளத்தைத் தாங்கிக்கொள்ள, கைகள் சொல்லைப் பிடிக்கின்றன: மழை, அலை, மலைமுகடு, மாலை. அதற்கும் அடியில் கவோனா என்கிற மறைபொருள். மழை மழைதான், தெரிந்தவனுக்கு அது ஒரு ஆள், ஒரு இரவு. உள்ளுறையில் பரிச்சயமுள்ள வாசகனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் நமக்கு உரையாசிரியர்கள் இருக்கிறார்கள். ஒரு பாட்டின் கவோனா இயற்றியவனோடு போய்விடவும் கூடும்.

காமிரா என்ன செய்கிறது? பாடகரின் குரல் ஒரு சொல்லுக்காக எழும்புகிறது, ஆடுகிறவள் கையை உயர்த்துகிறாள், காமிரா இடுப்புக்கு இறங்குகிறது. கை சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. மிஷனரியும் இதே இடத்தைப் பார்த்துத்தான் மிரண்டான். தடுத்தவனும் ரசிக்கிறவனும் ஒரே இடத்தில் கண்ணை வைத்திருக்கிறார்கள்; இருவருக்கும் சொல் காதில் விழவில்லை.

சுத்தக்காரர்களுக்குக் கஹிகோ என்ற பழைய பாணிதான் உசத்தி. அவுவானா என்ற பிற்காலப் பாணி சுற்றுலாச் சரக்கு. இந்த மேடையில் எனக்கு நேர்மாறாகப் பட்டது. தென்னந்தண்டைக் குடைந்து சுறாத்தோல் போர்த்திய பாஹு முரசுக்கு நீல வெளிச்சமும் புகையும் எதற்கு? ஹூலா பயின்ற கூடத்தில் லாகா தெய்வத்துக்கு இலைதழை சாத்திய பீடம் இருக்கும். இங்கே தொட்டியில் குரோட்டன்ஸ் செடி. அசைவுகளில் கண்டிப்பு இருந்தது, மறுக்கவில்லை. இருந்தும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருந்தது.

இடைவேளைக்குப் பிறகு அவுவானா. உகுலேலே ஹவாயிக் கருவியல்ல என்பார்கள். 1879இல் மதீரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்த்துகீசியரின் சிறு நரம்புக் கருவியிலிருந்து பிறந்தது. ஹோலோகூ என்ற நீண்ட கவுனும் மிஷனரி மனைவிமார் தைத்துக் கொடுத்த வெட்கம். எல்லாம் கலப்படந்தான். அரங்கமும் கலப்படந்தான். அதனாலேயே அந்த இடத்தில் பொய் இல்லை.

அறுபது தாண்டிய ஒரு பெண் தனியாக வந்து ஆடினாள். நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. ஹோலோகூ கழுத்திலிருந்து தரைவரை மூடியிருந்தது. காமிராவுக்குக் கீழே வேலை இல்லாமல் போய், பாட்டு முடிகிறவரை முகத்திலும் கைகளிலுமே நின்றது. விரல்கள் மேலிருந்து மெதுவாக, ஒவ்வொன்றாக இறங்கின. மொழி தெரியாத எனக்கு மழை என்பதுவரை தெரிந்தது. கடைசிச் சரணத்தில் அதே மழை மறுபடி வந்தது, அதே விரல்கள். சபையின் ஒரு மூலையிலிருந்து மட்டும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.