லூயிஸ் துரையின் துலாக்கோல்

மாங்குளத்திலே கண்டி–யாழ்ப்பாணப் பெருந்தெருவை விட்டுக் கிழக்கே பிரியும் தெரு, ஒட்டுசுட்டானைக் கடந்து முல்லைத்தீவுக் கடற்கரையை அடைகின்றது. அதன் அயலிலுள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல், 1803ஆம் ஆண்டு ஒற்றோபர் 31ஆம் நாள் கப்பித்தான் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் அஃது என அறிவித்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதத்தின் முன், அதே பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைக்கொண்ட செய்தியை அக்கல் கூறிற்றில்லை. வென்றவன் கல்லில் வெட்டுவது அவ்வளவே.

இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூல் அக்கல்லினும் நேர்மையானது. வரலாறு, வழக்கங்கள், காணியாட்சி, வேளாண்மை, குளங்கள் என்றிவற்றை அவர் பொறுமையோடு தொகுத்தார். தமிழரே எழுதிவைக்கத் தவறிய பலவும் அந்நூலாற் பிழைத்தன. இதனை மறுப்பது நன்றி மறத்தலாகும். எனினும், அவர் கையிலிருந்தது இறைவரி உத்தியோகத்தரின் துலாக்கோல்.

அத்துலாக்கோல் பழையது. ஒல்லாந்தர் வன்னியர்களிடம் யானைகளைத் திறையாகக் கேட்டனர். நாகல் என்னும் அவர்களுடைய படைத்தலைவன் 1784 அளவில் வன்னியை அடக்கியபின் நெல்லைக் கணக்கிட்டான். 1802ஆம் ஆண்டு ஆமியன் உடன்படிக்கையால் கரைநாடுகளை உறுதியாகப் பெற்ற ஆங்கிலேயர்க்கோ திருகோணமலைத் துறைமுகமே கண். வன்னி, இடையிற் கிடந்த காடு.

கைந்நூல் என்னும் நூல்வகை விடயங்களைத் தனித்தனிப் பெட்டியில் இடுவது. போர் ஒரு பெட்டியில், உடைந்த குளம் வேறொன்றில். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு வாசகனுடையதாகின்றது. ஊராரைக் கூட்டிக் குளக்கட்டைத் திருத்துவிக்கும் அதிகாரமுடைய வன்னியர் வீழ்த்தப்பட்டனர். 1832இல் இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே, ஆயினும் அதனிடத்தில் வேறோர் ஏற்பாடு உரிய காலத்தில் வைக்கப்படவில்லை. கட்டுகள் உடைந்தன, வயல்கள் காடாயின, பறங்கிநோய் பரவிற்று. வைத்தியர் கின்சி அந்நோயைப்பற்றி அறிக்கை எழுதியது 1881இல். நெல்வரி நீங்கியதோ 1892இல். அதுவரை, குடிகள் குறைந்தமை கச்சேரிக் கணக்கில் வருமானக் குறைவாகவே தோன்றியிருத்தல் வேண்டும்.

லூயிஸ் வன்னியின் இடப்பெயர்களைப் பற்றியும் தனியே ஆராய்ந்தார். அப்பெயர்களுட் பல குளம் என முடிவன. 1905இல் மாங்குளத்தினூடே புகையிரதம் ஓடத் தொடங்கியபோது, அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் இணைக்கவே ஓடிற்று. நிலையப் பலகையில் மட்டும் குளம் இருந்தது.