பெயர் போடாத பெண்கள்

தொண்ணூறுகளில் அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து வெளிவந்த ராப் ஆல்பங்களை இன்று பலர் ஏக்கத்தோடு தேடுகிறார்கள். ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ் நகரங்களின் சிறு நிறுவனங்கள் வெளியிட்ட கேசட்டுகளும் சிடிகளும் அவை. 'தி சோர்ஸ்', 'ராப் பேஜஸ்', 'மர்டர் டாக்' போன்ற இதழ்களில் அவற்றுக்கு வந்த முழுப்பக்க விளம்பரங்களும் சேகரிக்கப்படுகின்றன. வைரக்கல் பதித்த எழுத்துகள், தங்கச் சங்கிலிகள், ஷாம்பெயின் புட்டிகள், பளபளக்கும் கார்கள் என்று கண்ணைப் பறிக்கும் பக்கங்கள். நானும் இவற்றை ரசித்துப் பார்ப்பவள்தான். ஆனால் பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வலுத்துக்கொண்டே போகிறது. இந்த ஏக்கம் யாரை நினைவில் வைக்கிறது?

அதன் நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். ராப் என்றால் முதலில் நியூயார்க், அடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ் என்பதே அன்றைய கணக்கு. 1995இல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டு அவமதித்தது. தெற்கிற்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்று அக்குழுவின் ஆந்த்ரே அந்த மேடையிலேயே பதில் சொன்னார். விமர்சனப் பக்கங்களில் எளிதில் இடம் கிடைக்காத ஊர்க்காரர்கள், அதே இதழின் விளம்பரப் பக்கங்களைக் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆசிரியர் திறக்காத கதவை விளம்பரப் பிரிவு திறந்தது.

அந்தப் பக்கங்களின் முகத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு பென் அண்ட் பிக்ஸல் என்ற ஹூஸ்டன் வடிவமைப்பு நிறுவனத்துக்கு உண்டு. ஆரன், ஷான் பிரௌக் என்ற சகோதரர்கள் 1992இல் தொடங்கியது. தனித்தனியே எடுத்த படங்களைக் கணினியில் அடுக்கி, எவருக்கும் மாளிகையும் காரும் கொடுத்துவிடுவார்கள். ரசனையற்றது என்று அன்று பலர் கேலிசெய்த இந்தப் பாணிக்கு இன்று மதிப்புக் கூடியிருக்கிறது. 2020இல் 21 சாவேஜும் மெட்ரோ பூமினும் வெளியிட்ட 'சாவேஜ் மோட் 2' ஆல்பத்தின் அட்டையே இந்த நிறுவனத்தின் கைவண்ணம்தான். அந்தக் கேலியில் வர்க்கமும் நிறமும் கலந்திருந்தன. ஏழைக் கறுப்பின இளைஞர்கள் செல்வத்தைத் தாங்களே வரைந்துகொண்டதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் செல்வத்தின் பட்டியலில் பெண்ணும் ஒரு பொருளாக இருந்தாள். காரின் மேல் ஒருத்தி, சோபாவில் இருவர், நீச்சல்குளத்தருகே மூவர். பாடியவர், உடன் பாடியவர்கள், தயாரிப்பாளர், நிறுவனம், வெளியாகும் நாள் எல்லாம் பக்கத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் பெண்களின் பெயர் மட்டும் இருக்காது. இன்றைய சேகரிப்பாளர் வடிவமைப்பாளரின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதுகிறார். அட்டையில் நிற்கும் பெண் யார் என்று கேட்பதில்லை. தெற்கைப் புறக்கணித்த நியூயார்க்கைக் குறைசொல்லும் ஏக்கம், தான் செய்யும் புறக்கணிப்பைக் கவனிப்பதில்லை.

இந்தப் படங்களில் இருப்பதே பெண்ணுக்கு இழிவு என்று நான் சொல்ல வரவில்லை. அது அவர்களின் வேலை. கூலி பெற்றிருப்பார்கள், சிலர் மகிழ்ந்தும் இருப்பார்கள். அடக்க ஒடுக்கத்தின் அளவுகோலை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போவது பெண்ணியம் ஆகாது. வேலை செய்தவருக்குப் பெயர் உண்டு என்பதே என் வாதம்.

பெயர் இருந்த பெண்களையும் பார்ப்போம். நியூ ஆர்லியன்ஸின் மியா எக்ஸ், மாஸ்டர் பி நடத்திய நோ லிமிட் நிறுவனத்தின் முக்கியமான குரல். அந்நிறுவனத்தின் பெரும் வெற்றிகளில் ஒன்றான 'மேக் எம் சே அஹ்' பாட்டில் ஐந்து பேர் ராப் செய்கிறார்கள். அவர்களில் ஒரே பெண் அவர்தான். அவருடைய மூன்று ஆல்பத் தலைப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 1995இல் 'குட் கேர்ள் கான் பேட்', 1997இல் 'அன்லேடி லைக்', 1998இல் 'மாமா டிராமா'. நல்ல பெண், சீமாட்டி, அம்மா என்று சமூகம் பெண்ணுக்கு வைத்திருக்கும் மூன்று இருக்கைகள். மூன்றிலும் ஏறி உட்கார்ந்து மூன்றையும் ஆட்டிவைத்திருக்கிறார். முழுப்பக்க விளம்பரத்தில் 'பெண்மைக்கு ஒவ்வாத' என்பதையே விற்பனைச் சொல்லாக்குவது சாதாரணத் துணிச்சல் இல்லை. ஆனாலும் ஆண்கள் நிறைந்த அந்தப் படையில் அவருக்குக் கிடைத்த பட்டம் 'மாமா மியா'. மரியாதையான பட்டம்தான். ஆண்களுக்கு நடுவே திறமையான பெண் ஒருத்தி இருந்தால், அவளை அம்மாவாக்கிவிட்டால்தான் எல்லோருக்கும் நிம்மதி.

மெம்ஃபிஸின் கேங்ஸ்டா பூவின் கதை வேறு. பதின்வயதிலேயே த்ரீ சிக்ஸ் மாஃபியா குழுவில் இடம்பிடித்தவர். 1998இல் வந்த அவருடைய முதல் தனி ஆல்பம் 'என்கொயரிங் மைண்ட்ஸ்'. அதில் புகழ்பெற்ற பாட்டு பணம் எங்கே என்று கேட்கிறது. அட்டைப்படங்களில் பணத்தின் அருகே அலங்காரமாக நின்ற பெண், இங்கே பணத்தையே கேட்பவளாகிறாள். 2023 புத்தாண்டு நாளில், 43 வயதில் அவர் இறந்தார்.

இவர்களைக் கேட்கும் பெண்களின் சங்கடத்தை ஜோன் மார்கன் 1999இலேயே எழுதிவிட்டார். 'வென் சிக்கன்ஹெட்ஸ் கம் ஹோம் டு ரூஸ்ட்' என்ற நூலில், ஹிப்ஹாப்பை நேசித்துக்கொண்டே பெண்ணியவாதியாக இருப்பதன் முரணை மறைக்காமல் பேசினார். அந்த முரணை நம்மில் பலர் அறிவோம். உதட்டில் ஒட்டிக்கொண்ட பாட்டு நம்மையே திட்டுகிறது என்று தெரிந்தும் முணுமுணுப்போம். ஏக்கம் செய்யும் தந்திரம் அங்கேதான். காலம் கடந்துவிட்டது, எல்லாம் விளையாட்டுதான் என்று சொல்லி அந்த முரணைக் கரைத்துவிடப் பார்க்கிறது.

காலம் அப்படி எளிதாகக் கடந்துவிடவில்லை. 'தி சோர்ஸ்' இதழின் முதன்மை ஆசிரியராக இருந்த கிம் ஒசோரியோ, 2005இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டபின் வழக்குத் தொடுத்தார். 2006இல் ஜூரி பாலியல் தொந்தரவு, பாலினப் பாகுபாடு குறித்த புகார்களை ஏற்கவில்லை. ஆனால் புகார் சொன்னதற்குப் பழிவாங்கவே அவர் நீக்கப்பட்டார் என்று தீர்ப்பளித்தது. அதே இதழின் பழைய பக்கங்களைத்தான் இன்று பொற்காலத்தின் சின்னமாகப் பார்க்கிறோம். அந்தப் பக்கத்துக்குள் நின்ற பெண்ணுக்குப் பெயர் இல்லை. அந்த இதழை நடத்திய பெண் வாய்திறந்தபோது வேலை இல்லை.

ஏக்கத்தைக் கைவிடும்படி யாரையும் நான் கேட்கவில்லை. புறக்கணிக்கப்பட்ட ஊர்களின் இசையை மீட்பது நல்ல வேலை. அந்த வேலையைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்கிறேன். மியா எக்ஸின் மூன்று ஆல்பங்களையும் வரிசையாகக் கேளுங்கள். மறக்கப்பட்ட ஆல்பங்களின் பட்டியலை யாராவது நீட்டினால் அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள். பழைய விளம்பரம் ஒன்றைப் பத்திரப்படுத்தும்போது, காரின் பெயரை எழுதும் அக்கறையோடு, அதன்மேல் சாய்ந்திருப்பவளின் பெயரையும் விசாரியுங்கள். அவர்களில் பலர் இன்று ஐம்பதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். கேட்டால் சொல்லக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள்.