முகத்தின் மேல் நிழல்

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த ஊர்ப் போட்டோ ஸ்டூடியோக்களின் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தால், நள்ளிரவில் ஒற்றை மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு எல்லாரும் படம் எடுத்துக்கொண்டார்களோ என்று சந்தேகம் வருகிறது. பாதி முகம் பளிச்சென்று இருக்கிறது. மறுபாதி மையில் முங்கிக் கிடக்கிறது. கல்யாணப் பெண்ணானாலும் சரி, ஓய்வு பெற்ற தாசில்தாரானாலும் சரி, எல்லாருக்கும் ஒரே நிழல். கே.கே. நகரில் நான் மாலையில் உலாவப் போகிற வழியில் மட்டும் இப்படி நாலைந்து பேர் என்னை ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார்கள்.

நான் நிழலுக்கு விரோதி அல்ல. உண்மையில், நிழலை முகத்திலிருந்து விரட்டிய காலத்தையும் பார்த்தவன். அப்போதெல்லாம் ஸ்டூடியோவின் பின்னறையில் ஒருவர் கூர்மையான பென்சிலுடன் நெகட்டிவின் மேல் குனிந்திருப்பார். முகத்தில் நிழல் விழுந்த இடம் நெகட்டிவில் தெளிந்து கண்ணாடி போல் இருக்கும். அங்கே நுண்ணிய புள்ளிகளாகப் பென்சிலை ஒற்றினால் அந்த இடத்தில் வெளிச்சம் தடைப்படும். அச்சிட்ட படத்தில் அது வெளுத்துவிடும். கண்ணடிச் சுருக்கம், கன்னத்துக் குழி, அம்மைத் தழும்பு எல்லாம் போய்விடும். அறுபது வயதுத் தாத்தாக்கள் உரித்த முட்டை மாதிரிச் சுவரில் தொங்கியதற்கு அந்தப் பென்சில்தான் காரணம். அறுபது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த முகத்தை ஐந்து நிமிஷத்தில் அழித்துவிடுகிற வேலை அது.

ஆகவே நிழலுக்கு முகத்தில் வேலை உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஹாலந்தில் வாழ்ந்த ரெம்பிராண்ட் என்ற ஓவியர் அந்த வேலையை நன்றாக அறிந்தவர். ஒரு பக்கமாக, சற்று உயரத்திலிருந்து வெளிச்சம் வரும். இருண்ட கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாக ஒரு சிறு துண்டு ஒளி மட்டும் விழுந்திருக்கும். இன்றும் புகைப்படக்காரர்கள் அந்த அமைப்பை அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நம்மிடையே, 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' படத்தை நினைத்துப் பாருங்கள். கதாநாயகன் தொடக்கத்திலேயே செத்துக் கிடக்கிறான்; கொன்றவர் யார் என்பதே கதை; பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. சந்தேகத்துக்கு ஆளானவர்களின் முகங்களில் மாருதி ராவின் காமிரா இருளைப் பூசியபோது அதற்கு அர்த்தம் இருந்தது. அவர்களிடம் மறைக்க ஏதோ இருந்தது. தாசில்தார் எதை மறைக்கிறார்?

கே.கே. நகரிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் காந்தி மியூசியம் இருக்கிறது. ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில், 1959-இல் நேரு திறந்து வைத்தது. காந்தியின் படங்களை அங்கே பார்க்கும்போதெல்லாம் இந்த நிழல் விவகாரம் எனக்கு நினைவு வரும். 1921-இல் இதே மதுரையில் மேலச் சட்டையைக் கழற்றி வைத்தவர் அவர். வெற்றுடம்பில் ஒரு துண்டுத் துணியோடு இருக்கும் மனிதரை எந்த வெளிச்சத்தில் படம் எடுப்பது?

மார்கரெட் பர்க்-ஒயிட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1946-இல், பூனாவில், 'லைஃப்' பத்திரிகைக்காக எடுத்த படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். முன்னால் ராட்டை, பின்னால் தரையில் அமர்ந்து காகிதத்தைப் படிக்கும் காந்தி, அவருக்குப் பின்னே ஜன்னல் வெளிச்சம். படம் எடுக்குமுன் நூற்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு நிபந்தனை போட்டார்களாம். மூன்றே மூன்று ஃபிளாஷ் பல்புகளுக்கு அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீண். மூன்றாவதில் உலகப் புகழ் பெற்ற படம் விழுந்தது.

அபாரமான அமைப்பு, மறுக்க முடியாது. ஆனால் அது ராட்டையின் படம் என்பது என் அபிப்பிராயம். மனிதரைவிட ராட்டை பெரிதாக நிற்கிறது. அவர் அதைத் தொடக்கூட இல்லை. இருந்தாலும் அந்த இருட்டை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையே இருட்டாகத்தான் இருந்தது; அங்கிருந்த நிழல் அங்கேயே விழுந்தது. காந்தியின் பேரன் முறையான கனு காந்தி இதைவிடக் கடுமையான நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பல வருஷம் படம் எடுத்தார்: ஃபிளாஷ் கூடாது, 'இப்படித் திரும்புங்கள்' என்று கேட்கக் கூடாது, ஆசிரமம் காசு தராது. கிடைத்த வெளிச்சமே வெளிச்சம். அவருடைய படங்களில் காந்தி நடக்கிறார், எழுதுகிறார், சிரிக்கிறார். போட்டோவுக்காக ஒன்றும் செய்வதில்லை.

அதே 1946-இல், சட்டை போடாத இன்னொருவரைப் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ஜி. வெல்லிங் திருவண்ணாமலையில் படம் எடுத்தார். 1896-இல் மதுரையிலிருந்து வீட்டாரிடம் சொல்லாமல் கிளம்பிப் போன பள்ளிக்கூடப் பையன் அவர், ரமண மகரிஷி. அந்தப் படத்தில் நாடகம் எதுவும் இல்லை. வெட்டி விழும் நிழல் இல்லை. லேசான புன்னகை, நேராகப் பார்க்கும் இரண்டு கண்கள், அவ்வளவுதான். ஆழம் வேண்டுமானால் இருட்டைக் கொட்ட வேண்டும் என்று நினைக்கிற ஸ்டூடியோக்காரர்கள் அந்தப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

இத்தனையும் ரசனை சம்பந்தப்பட்ட வம்பு என்று நினைத்திருந்தேன், எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போகும் வரையில். அவருடைய மனைவி காலமாகிவிட்டார். தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லாததால், ஒரு காதுகுத்து விசேஷத்தில் எடுத்த கும்பல் படத்திலிருந்து அந்த அம்மாளின் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பையன் வலப் பக்கம் முழுவதையும் கறுப்பாக்கி, இடக் கண்ணில் ஒரு மினுக்கும் வைத்திருக்கிறான். பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் மூல படம் வெட்ட வெளியில், வலப் பக்கத்து வெயிலில் எடுத்தது. மூக்கின் நிழல் இடக் கன்னத்தில் விழுந்திருக்கிறது. அதை அவன் கவனிக்கவில்லை. மூக்குக்கு ஒரு சூரியன், கன்னத்துக்கு ஒரு சூரியன்!

அதுகூடப் போகட்டும். அந்த அம்மாள் இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தவர். வலப் பக்கத்து மூக்குத்தி கறுப்பில் போய்விட்டது. நான் அங்கே இருந்தபோதே பேத்தி கேட்டாள்: "தாத்தா, அப்பத்தா ஒரு மூக்குத்திதான் போட்டிருந்தாங்களா?" பெரியவர், "ரெண்டு போட்டிருந்தாம்மா" என்றார். பிறகு படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டுதான்" என்று மறுபடியும் சொன்னார்.

மூல படத்தைக் கேட்டேன். ஸ்டூடியோவிலேயே இருக்கிறது என்றார். மறுநாள் இருவரும் போனோம். பையன் நல்லவன், தேடி எடுத்துத் தந்தான். "இதுல எஃபெக்டே இல்லையே சார், வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு இருக்காங்க" என்று மட்டும் வருத்தப்பட்டான். பெரியவர் அதையே பெரிதாக்கிப் போடச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார்.