பருப்புப் பொடிக்கு எதுக்கு யூகலிப்டஸ் இலை?

சமீபத்தில் ஒரு பருப்புப் பொடி பாக்கெட் கைக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு அம்மா வீட்டிலேயே அரைத்து, மளிகைக் கடையில் போட்டு விற்கிறார். லேபிளையும் அவரே, ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, செல்போனில் உட்கார்ந்து செய்திருக்கிறார். ‘எப்படி சார் இருக்கு?’ என்றார்.

பொடி பிரமாதம். லேபிள்?

வெள்ளைப் பின்னணி. நடுவில் வட்டம். அதைச் சுற்றி வெளிர்பச்சையில் யூகலிப்டஸ் இலை. உள்ளே நெளிநெளியாக இங்கிலீஷ் எழுத்து. பெயரை மறைத்துக் காட்டினால் சோப்பு என்பீர்கள், மெழுகுவத்தி என்பீர்கள், கல்யாணப் பத்திரிகை என்றுகூடச் சொல்வீர்கள். பருப்புப் பொடி என்று சத்தியமாகச் சொல்ல மாட்டீர்கள்.

அவர் மேல் தப்பில்லை. டிசைனருக்குக் கொடுக்கும் காசை எத்தனை பாக்கெட் தலையில் கட்டுவது? பி.காம். படித்த எனக்கு அந்தக் கணக்கு புரிகிறது. 2013-ல் கேன்வா வந்தது; அதே மாதிரி இன்னும் பல செயலிகளும் வந்துவிட்டன. யார் வேண்டுமானாலும் லேபிள் போடலாம், நோட்டீஸ் அடிக்கலாம். நல்ல விஷயம்தான். என் சண்டை டெம்ப்ளேட்டோடு மட்டும். எல்லாருக்கும் பொருந்தணும் என்று செய்த சட்டை அது. யாருக்கும் அளவாக இருக்காது.

இதில் நஷ்டமும் உண்டு. ஒரு முறை வாங்கியவர் மறுபடி வந்து, ‘அந்த இலை போட்ட பொடி குடுங்க’ என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது வேறொருவர் பாக்கெட். அதிலேயும் அதே இலை!

அடுத்தது தமிழ். இந்த வார்ப்புகளில் பெரும்பாலானவை இங்கிலீஷுக்காகப் போட்டவை. எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது அங்கே ஸ்டைல். அதையே தமிழில் செய்து பாருங்கள். ‘பொடி’யில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ‘ப’ அநாதையாக நிற்கும். நம் எழுத்துக்கு மேலே சுழி உண்டு, கீழே வால் உண்டு. வரிக்கு வரி இடம் விடாவிட்டால் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, சட்டம். எடை, விலை, தயாரித்த தேதி, முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண், சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி, எல்லாம் வேண்டும். அந்த அழகான வெள்ளை வட்டத்தில் இதற்கெல்லாம் இடம் எங்கே?

சரி, வேறு எங்கே போய்ப் பார்ப்பது? முதலில் தீப்பெட்டியைப் பாருங்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தார்கள். சிவகாசியில் தீப்பெட்டி வந்தது, பின்னாலேயே லேபிள் அச்சும் வந்தது. மிருகம், பறவை, பூ, கப்பல் என்று பெட்டிக்கு ஒரு படம். படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம். ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக அச்சடிக்க வேண்டும், செலவு. அதனால் இரண்டு மூன்று கலரோடு நிறுத்திக்கொண்டார்கள். சின்னப் பெட்டி, ஒரே படம், தடித்த எழுத்து. இதைவிடப் பெரிய பாடம் எந்தச் செயலியிலும் இல்லை.

அடுத்து, 2017-ல் தொடங்கிய தமிழ் மின்நூலகம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தினுடையது. பழைய புத்தகங்களின் அட்டையையும் தலைப்பு எழுத்தையும் வீட்டிலிருந்தே புரட்டலாம். பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். ஓவியர் காலமாகி 60 வருஷம் வரை பதிப்புரிமை இருக்கிறது. காலண்டர் சாமி படங்களால் புகழ்பெற்ற கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976-ல். 2036 முடிகிறவரை அவர் படம் உங்களுடையது அல்ல.

எழுத்துருவுக்கு அந்தக் கவலை வேண்டாம். கூகுள் ஃபாண்ட்ஸில் கேட்டமரன், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவாணர் என்று நல்ல தமிழ் எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். ஒரு லேபிளுக்கு ஒன்று போதும், அதிகம் போனால் இரண்டு.

அந்த அம்மாவிடம் கேட்டேன்: ‘பொடி எதுல அரைக்கிறீங்க?’

‘மிக்ஸிதான் சார்.’

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ‘வறுக்கிறது?’

‘அது எங்க பாட்டியோட இரும்புச் சட்டி. அதை மட்டும் மாத்த மாட்டேன்.’

படம் கிடைத்துவிட்டது. ஒன்பதாவது படிக்கிற மகள் சட்டியைப் பேனாவால் வரைந்தாள். ஒரு காது கொஞ்சம் கோணல். அப்படியே போட்டோ எடுத்து, கீழே தடித்த தமிழில் பெயர், மிளகாய் சிவப்பும் கறுப்பும், பின்பக்கம் சட்டம் கேட்டதெல்லாம்.

டிசைன் படித்தவர்கள் பத்துக் குறை சொல்வார்கள். நானே இரண்டு சொன்னேன். ஆனால் போன வாரம் கடையில் நின்றபோது ஒரு பெரியவர், ‘அந்தச் சட்டி போட்ட பொடி ஒண்ணு குடுப்பா’ என்றார். கடைக்காரர் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். சரியான பாக்கெட்.