மைத்துனன் பிடித்த கயிறு

மரக்காணம் கடற்கரையில் உயரம் என்று சொல்லத்தக்க ஒன்று உண்டென்றால், அது உப்பள வரப்புகளில் வாரிக் குவிக்கப்பட்டிருக்கும் உப்பு அம்பாரமே. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடக்கும் பாத்திகளும், அவற்றை அடுத்து விரியும் கழுவெளியும் (2021இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட நீர்ப்பரப்பு இது) மண்ணும் சேறும் நீருமாகவே அமைந்தவை. ஏறுவதற்குக் கல் இங்கே இல்லை. ஆனால் திண்டிவனம் நோக்கி மேற்கே செல்லும் சாலையில் பெருமுக்கல் குன்று தனித்து எழுகிறது. திண்டிவனத்தையும் தாண்டிச் சென்றால் செஞ்சியைச் சுற்றிலும் கருங்கல் உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்ற மலைகள் வரிசையாக நிற்கின்றன. உப்பங்கரைக்கும் இந்தக் கல்மலைகளுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒரு பகற்பயணத்துக்குள் அடங்குவதால், விடுமுறை நாளில் உற்றாரும் நண்பரும் சேர்ந்து பாறையேறும் வழக்கத்தின் நிறைகுறைகளை எடைபோட இந்நிலப்பகுதி ஏற்ற களமாகிறது.

பாறையேற்றம் என்னும் சொல் இங்கே மலைநடையைக் குறிக்கவில்லை. கால் மட்டும் போதாமல் கையும் கல்லைப் பற்றவேண்டிய செங்குத்தான அல்லது வழுக்கலான பரப்பில் ஏறுவதே பாறையேற்றம். ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட உருண்டைப் பாறைகளில் கயிறின்றி ஏறி, விழுந்தால் தாங்கக் கீழே தடித்த மெத்தையைப் பரப்பிக்கொள்வது ஒரு வகை. பாறையின் உச்சியில் உறுதியான பிடிமானம் அமைத்து, அதன் வழியே கயிற்றைக் கோத்து, ஒரு முனையை ஏறுபவர் இடுப்புக்கச்சையில் கட்டிக்கொள்ள, மறுமுனையைக் கீழே நிற்பவர் இழுத்து இறுக்கிக்கொண்டே வருவது மற்றொரு வகை. இரண்டாவதில் கீழே நிற்பவர் செய்யும் வேலைக்குப் பிலே என்று பெயர். தமிழில் அதைக் கயிற்றுக் காப்பு எனலாம். குடும்பத்தோடு செல்வோர்க்கு உகந்தது இம்மேற்கயிற்று முறையே, ஏனெனில் ஏறுபவர் கைநழுவினாலும் விழும் தொலைவு மிகக் குறைவு.

தமிழகத்தில் உறவோடு பாறையேறுவது புதிய பழக்கமன்று. திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை, பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பேசும் நன்னனின் நவிரமலையாக அடையாளம் காணப்படுவது; முழுநிலவு நாள்களில் குடும்பம் குடும்பமாக மக்கள் அதன் உச்சியிலுள்ள மல்லிகார்ச்சுனர் கோயிலுக்கு ஏறுகின்றனர். மேற்பகுதியில் பாறை செங்குத்தாகும் இடங்களில் இரும்புச் சங்கிலிகளும், கல்லில் அறைந்த கடப்பாறைகளும் அவர்களுக்குப் பிடியாக உள்ளன. கூர்ந்து நோக்கினால் இது நன்கு அமைந்த ஏற்பாடு: வழி ஒன்றே, பிடிகள் எல்லார்க்கும் பொது, முன்னே போகிறவரின் கால்வைப்பே பின்னே வருகிறவர்க்குப் பாடம், வெயிலைத் தவிர்க்க இரவே பயணவேளை. குறை ஒன்று உண்டு, ஆனால் அது பெரிது. சங்கிலி பற்றுவதற்கு உதவுமே தவிர, பற்று விட்டவரைத் தாங்காது. கூட்டம் நெருக்கும்போது ஒருவரின் சறுக்கல் கீழிருக்கும் அனைவரின் சறுக்கலாகிவிடக்கூடும். கயிற்றுக் காப்பு இக்குறையை நீக்கியது. அதே வேளையில் ஏறுபவரின் உயிரை ஒரே ஒரு மனிதரின் கையில் ஒப்படைத்தது. அந்தக் கை யாருடையதாக இருக்கவேண்டும் என்பதே குடும்பப் பாறையேற்றத்தின் அடிப்படைக் கேள்வி.

உறவினர் கையே சிறந்தது என்று கருதுவதற்கு வலுவான காரணங்கள் உள்ளன. பாறையில் பாதி உயரத்தில் நின்றுவிடும் பத்து வயதுக் குழந்தையின் குரலில் இருப்பது களைப்பா அச்சமா என்பதைப் பிரித்தறியத் தாயாலும் தந்தையாலும் இயலும். நேற்று அறிமுகமான பயிற்சியாளரால் அவ்வளவு விரைவில் இயலாது. ஏற்றத்தின் வேகத்தைக் குழுவில் மிகவும் தளர்ந்தவரின் உடல் முடிவு செய்வதும் குடும்பத்தில்தான் எளிதாக நடக்கும். இன்னொரு நன்மையும் உண்டு; அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. வெளியூர்ச் சங்கங்களோடு தனியே அனுப்பத் தயங்கும் வீடுகளிலிருந்து, அண்ணனும் அத்தையும் உடன்வரும்போது பெண்பிள்ளைகள் தடையின்றிப் பாறைக்கு வருகிறார்கள். கால்விரல்களில் எடையை நிறுத்தி, உடலைச் சமன்செய்து, கையால் தொங்காமல் காலால் ஏறும் இக்கலையில் தோள்வலிமை முதன்மையானதன்று; செஞ்சிப் பகுதியின் சரிவான கருங்கல் பரப்புகளில் பிடியைவிட உராய்வே ஏற்றுவதால், இலேசான உடலும் பொறுமையும் உள்ள சிறுமி தன் தமையனைவிடச் செம்மையாக ஏறுவது அரிதான காட்சியாக இராது.

குறைகளும் இதே உறவிலிருந்துதான் பிறக்கின்றன. பாறையேற்றத்தில் ஒவ்வொரு முறையும் தரையை விட்டு எழும் முன்னர் இருவரும் ஒருவரையொருவர் சோதித்துக்கொள்ளவேண்டும் என்பது உலகெங்கும் கற்பிக்கப்படும் விதி: இடுப்புக்கச்சையின் பூட்டு முறையாக மடிக்கப்பட்டிருக்கிறதா, எட்டு வடிவ முடிச்சு முழுமையாக இறுகியிருக்கிறதா, கயிறு காப்புக் கருவியில் சரியான திசையில் செல்கிறதா, கொக்கி வளையம் திருகிப் பூட்டப்பட்டிருக்கிறதா. தமிழ்க் குடும்பத்தில் இந்தச் சோதனை மரியாதையின் மீது மோதுகிறது. "மாமா, முடிச்சை ஒருதரம் காட்டுங்க" என்று பதினைந்து வயது மருமகன் கேட்பது, கேட்பவனுக்கும் கேட்கப்படுபவர்க்கும் கூச்சத்தைத் தருகிறது. பெரியவர் கட்டியதைச் சிறியவன் ஐயுறுவது அடக்கமின்மையாகத் தோன்றுவதால், கேள்வி நாவிலேயே நின்றுவிடுகிறது. 1954இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பட்டு, டென்சிங் நோர்கே களப்பயிற்சி இயக்குநராகப் பணியாற்றிய இமாலய மலையேற்ற நிறுவனத்தைப் போன்ற பயிற்சிக்கூடங்களில், சோதிப்பது பாடத்தின் பகுதியாதலால், அது எவர் மனத்தையும் புண்படுத்துவதில்லை. அன்பு மிகுந்த இடத்தில் சோதனை குறைகிறது என்பதே குடும்பப் பாறையேற்றத்தின் ஆழமான பலவீனம். கருவிக் குறைபாடுகள் எல்லாம் இதற்கு அடுத்தபடியே.

இச்சிக்கலை முன்னமே எண்ணிப் பார்த்த சமூகங்கள் தமிழகத்திலேயே உள்ளன. நீலகிரிப் பகுதிக் குறும்பர் முதலிய பழங்குடியினர், மலைமுகட்டின் விளிம்பிலிருந்து கொடிகளாலான ஏணியில் இறங்கிப் பாறையில் தொங்கும் தேனடைகளை எடுப்பவர்கள். மேலே ஏணியைக் காவல் காக்கும் பொறுப்பு உடன்பிறந்த அண்ணன் தம்பிக்குத் தரப்படுவதில்லை, மனைவியின் உடன்பிறந்தவனான மைத்துனனுக்கே தரப்படுகிறது என்பதை இனவரைவியல் பதிவுகள் குறிப்பிடுகின்றன. தன் உடன்பிறந்தாள் கைம்பெண்ணாவதை அவன் விரும்பமாட்டான் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். இவ்வழக்கத்தின் உள்ளீடு பெரிது. அம்மக்கள் உறவை நம்பினார்கள். ஆனால் உறவு என்ற பெயர் இருந்தாலே போதும் என்று விட்டுவிடவில்லை, எந்த உறவில் கடமையும் நலனும் ஒன்றாகப் பிணைந்திருக்கின்றன என்று தேர்ந்து, காவற்காரன் யார் என்பதை வழக்காகவே நிலைநாட்டினார்கள். இன்றைய குடும்பக் குழுக்களில் இத்தகைய நியமனம் இல்லை; கயிற்றை அருகில் நிற்பவர் எடுத்துக்கொள்கிறார், உணவுப்பொட்டலம் வந்ததும் மற்றொருவரிடம் கைமாற்றுகிறார்.

நியமனம் செய்யும்போது எடைக்கணக்கும் பார்க்கப்படவேண்டும். 75 கிலோ எடையுள்ள தந்தை ஏற, 30 கிலோ எடையுள்ள மகன் கயிற்றைப் பிடித்தால், தந்தை நழுவும் கணத்தில் மகன் தரையிலிருந்து தூக்கப்பட்டுப் பாறையில் மோதுவான். உச்சி வளையத்தின் உராய்வு சுமையில் ஒரு பங்கை ஏற்றாலும் மிச்சமே அவனைத் தூக்கப் போதுமானது. பிள்ளைக்கும் ஒரு பொறுப்பு தரவேண்டும் என்ற நல்லெண்ணம் இங்கே ஆபத்தாகிறது. பொறுப்புத் தருவதானால், பெரியவர் கயிற்றைப் பிடித்திருக்க, அவர்க்குப் பின்னால் தளர்கயிற்றைத் தாங்கும் இரண்டாம் கையாகப் பிள்ளையை நிறுத்தலாம். சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இடுப்பெலும்பு அகலாமலும் தலைப்பாரம் மிகுந்தும் இருப்பதால், இடுப்புக்கச்சை மட்டும் போதாது. தலைகீழாகக் கவிழ்ந்தால் கச்சையிலிருந்தே நழுவிவிடுவர். மார்பையும் தோளையும் சேர்த்துப் பிணைக்கும் முழுவுடற் கச்சையே அவர்களுக்கு உரியது.

கயிற்றைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. பாறையேற்றக் கயிறு விழுபவரின் வேகத்தை இழுபட்டு நீண்டு உறிஞ்சுமாறு நெய்யப்பட்டது. கிணற்றுக்கும் சுமைவண்டிக்கும் விற்கப்படும் நைலான் கயிற்றில் அந்த இயல்புக்கோ வலிமைக்கோ எவ்வித உத்தரவாதமும் இல்லை. 60 மீட்டர்க் கயிறு மேலே சென்று கீழே திரும்பவேண்டியிருப்பதால், 30 மீட்டருக்கு மேற்பட்ட பாறையில் அது தரையைத் தொடாது. காப்பாளர் பக்கத்து முனையில் முடிச்சிடாமல் ஒருவரை இறக்கும்போது கயிறு கருவியினூடே ஓடி மறைந்து அவர் விழுவது, அனுபவசாலிகளுக்கும் நேரும் விபத்து.

இந்நிலப்பகுதிக்கே உரிய இடர்கள் வெளிநாட்டுக் கையேடுகளில் அழுத்தம் பெறுவதில்லை. கருங்கல் மலைகள் வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் நாளடைவில் வெங்காயச் சருகுபோல் ஏடு ஏடாக உரிகின்றன. உறுதியான பிடியெனத் தோன்றும் விளிம்பு, தட்டிப் பார்த்தால் உள்ளே பொள்ளலாக ஒலிக்கும். கோடையில் காலை பத்து மணிக்கே கல் சுடத் தொடங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் பாறைமேல் நீர் வழிந்த தடங்களில் பாசி படர்ந்து, உராய்வை நம்பும் ஏற்றத்தைப் பொருளற்றதாக்குகிறது. எஞ்சுவது, மழை ஓய்ந்த மார்கழி இறுதி முதல் மாசி வரையிலான காலைப்பொழுதுகளே. அப்போதும் பாறைத் தாழ்வாரங்களில் தொங்கும் மலைத்தேனீக் கூடுகளை மறக்கலாகாது. தேனீ கலைந்தால் நடப்பவர் ஓடலாம். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது, அவரை இறக்கவேண்டியவரும் அதே தேனீக்களால் கொட்டப்பட்டுக்கொண்டிருப்பார். ஏறும் முன் பாறைமுகம் முழுவதையும் கீழிருந்து நிதானமாகப் பார்ப்பதும், கூடு தென்பட்டால் அந்தப் பாறையைக் கைவிடுவதும் தவிர வேறு வழியில்லை. ஆடு மேய்ப்பவர்க்கு இவ்விடங்கள் தெரியும்; அவர்களைக் கேட்டறியும் பழக்கம் எந்தக் கருவியைவிடவும் பயனுடையது.

பாறை வெறும் கல்லாக இருப்பதும் இங்கே அரிது. பெருமுக்கல் மலைமேல் சோழர் காலக் கோயிலும், குகையில் தொல்பழங்காலக் கீறல் உருவங்களும் உள்ளன. 1760இல் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து இக்குன்றைக் கைப்பற்றியது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறைமுகத்தில் செதுக்கப்பட்டுள்ளன; 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டும் அங்குள்ளது. கீழ்வாலையிலும் செத்தவரையிலும் பாறை ஓவியங்கள் உள்ளன. செஞ்சிக் கோட்டையோ, 2025 ஜூலையில் மராட்டிய இராணுவ நிலவமைப்புகள் என்னும் தொகுதியின் ஓர் உறுப்பாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இத்தகைய பரப்பில் துளையிட்டு ஆணி அறைவது குற்றம். 1958ஆம் ஆண்டு தொல்லியல் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு ஈராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆணியைவிட நுட்பமான கேடு கைப்பொடி. வியர்வையை உலர்த்த ஏறுபவர் பூசிக்கொள்ளும் அந்த வெண்பொடி மக்னீசியம் கார்பனேட். உப்பு விளைந்தபின் மரக்காணத்துப் பாத்திகளில் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருப்பதும் மக்னீசிய உப்புகளே என்பதால், கடற்கரைக்காரர்க்கு அது அந்நியப் பொருளன்று. கருங்கல்லில் அது விட்டுச்செல்லும் வெள்ளைத் தடம் மழைபடாத தாழ்வாரங்களில் நெடுநாள் அழிவதில்லை. ஓவியங்களும் கீறல்களும் இருப்பதும் அதே தாழ்வாரங்களில்தான். ஆகவே செஞ்சிக் கோட்டையெல்லைக்குள் படிவழியே ஏறுவதோடு குடும்பங்கள் நிறைவடைவது நல்லது. கயிறும் கைப்பொடியும் கல்வெட்டில்லாத, உரியோரிடம் இசைவு பெற்ற குன்றுகளுக்கு உரியவை.

நெறிமுறையும் இன்னும் முழுமை பெறவில்லை. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதைத் தொடர்ந்து மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் வனத்துறையின் வழிகாட்டிகளோடு நாற்பது பாதைகளைத் திறந்தது. இவை மையமாகக் கொள்வது காட்டுவழி நடையை. ஊர்ப்புறக் கல்மலையில் உறவினர் நால்வர் கட்டும் முடிச்சை அல்ல. அடிபட்டவரைப் பாறையிலிருந்து சாலைவரை இறக்கும் வேலையும் அந்த நால்வருக்கே உரியதாகிவிடுகிறது, 108 ஊர்தி சாலையோடு நின்றுவிடும் என்பதால்.

இவ்வளவு இடரும் கட்டுப்பாடும் உள்ள வழக்கத்தை ஏன் ஊக்குவிக்கவேண்டும் என்ற வினாவுக்கு, வானூர் வட்டத்தில் திருவக்கரைச் சுற்றுப்புறத்தைக் கண்டவர்க்கு விடை கிடைக்கும். குன்றுகள் இருந்த இடங்களில் அங்கே நீர் தேங்கிய கல்குவாரிப் பள்ளங்கள் உள்ளன. கோயிலோ கோட்டையோ கல்வெட்டோ இல்லாத குன்றுக்குச் சட்டத்தின் காவல் மெலிது. ஜல்லியாகும் வரை அதன் பெயர்கூடப் பலர்க்குத் தெரிவதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை பிள்ளைகளோடு வந்து, எந்த ஏடு பொள்ளல், எந்தத் தாழ்வாரத்தில் தேனீ, எந்தச் சரிவில் தங்கை முதன்முதலில் தனியே ஏறினாள் என்று அறிந்து வைத்திருக்கும் குடும்பத்துக்கு அந்தக் குன்று வெறும் புறம்போக்காகத் தோன்றாது. அதற்குக் குத்தகை அறிவிப்பு வரும் நாளில் ஆட்சியரிடம் ஆட்சேபம் எழுதித் தர அதனிடம் தக்க காரணம் இருக்கும்.