பூனாகலையில் பேசித் தீர்ப்பது

சேரம்பாடியில் ஒரு கல்யாண வீடு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு பூனாகலையை விட்டு இந்தியாவுக்குப் போன குடும்பம். இப்போது தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டத்தில் மூன்றாம் தலைமுறை. சாப்பிட்டுக் கை கழுவும்போது மாமன் மகன் கேட்டான்: "ஒங்க ஊர்ல புள்ளைங்க விஷயத்தக்கூட தலைவர் வீட்டு வாசல்ல வச்சுப் பேசி அமுக்கிடுவீங்களாமே மச்சான்?" கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2015 சிறார் நீதிச் சட்டப்படி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு, தலைவரும் நான்கு உறுப்பினர்களும், நடுவருக்குரிய அதிகாரம். மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்த வேண்டும். ஆனால் மாவட்டத் தலைநகர் ஊட்டி; சேரம்பாடியிலிருந்து பஸ்ஸில் போய்வர ஒரு நாள் போய்விடும். அந்தக் குழு உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மச்சானும் பார்த்ததில்லை, கேட்டுவிட்டேன்.

எங்களிடமும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1939இன் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 1998 சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை, மாகாண நன்னடத்தைத் திணைக்களம். வழக்கென்றால் பண்டாரவளைக்குப் போக வேண்டும். கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு ஒரு தவணைக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. அடுத்த தவணைக்கு இன்னொரு பேர்.

அதனால் பேசுகிறோம். லயத்தில் அடிக்கடி வருவது இதுதான்: அம்மா குவைத்தில், அப்பா குடியில், படிப்பை நிறுத்திய பிள்ளையைக் கொழும்பு வீட்டு வேலைக்குக் கேட்டுத் தரகர் வந்துபோகிறார். மாலைக் கொழுந்து நிறுவை முடிந்தபின் பாட்டியின் காம்பராவில் நன்னடத்தை உத்தியோகத்தர், தோட்டத்துச் சேமநல உத்தியோகத்தர், தோட்டத் தலைவர், வகுப்பு டீச்சர் எல்லோரும் உட்காருவார்கள். நான் கூட இருந்த ஒரு பேச்சில் அப்பா வெகுநேரம் வாயே திறக்கவில்லை. "காசு யார் கைக்கு வருது?" என்று டீச்சர்தான் கேட்டார். அதில் அவர் மௌனம் உடைந்தது. குவைத்துக் காசு இனிப் பாட்டியின் பாஸ்புக்கில் விழும், பிள்ளை திங்கட்கிழமை பாடசாலைக்கு வரும் என்று ஃபுல்ஸ்கேப் தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். வழக்காகியிருந்தால் அந்தப் பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போயிருக்கவும் கூடும். 2021இல் டயகமச் சிறுமி ஒருத்தி, கொழும்பில் வேலை செய்த வீட்டில் தீக்காயமடைந்து 16 வயதில் இறந்தாள். அந்த மாதிரிப் பயணத்தை வாசலிலேயே மறிக்கத்தான் எங்கள் பேச்சு. அமுக்க அல்ல.

ஒன்றில் அவர்கள் மேல்தான். பிள்ளை குடும்பத்தோடு இருக்கட்டும் என்று, தகுதியுள்ள வீட்டுக்கு வத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறார்கள். எங்கள் பேச்சின் முடிவில் தாளும் கையெழுத்தும்தான்.

பாலியல் கொடுமை வேறு கதை. இந்தியாவில் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அந்த இடத்தில் மச்சான் குத்திக் காட்டியது நியாயம். நம் லயத்தில் அப்படியொன்று நடந்து, தலைவரே வந்து சமாதானம் பேசினாலும் கேட்காதீர்கள். சிறுவர் உதவி எண் 1929க்கு அழையுங்கள்; காசில்லை, தமிழிலேயே பேசலாம்.